மாங்குளம் பக்ஸ் மெஷினும் அக்காவின் சி.ஆர். கொப்பியும்

ஐப்பசி பிறந்து பத்து நாள் இருக்கும். திங்கட்கிழமை காலை என் மெஷின் திருத்தும் கடையைத் திறந்து சாமிப் படத்துக்கு விளக்குக் கொளுத்திக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. மாங்குளத்தில் ஒரு சங்க அலுவலகத்தில் இலிகிதராக இருக்கும் அக்கா, பக்ஸ் என்கிற தொலைநகல் மெஷினைப் பற்றிப் பேசினார்.

"தம்பி, பக்ஸ் மெஷின் ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று சொல்லுது. வெள்ளிக்கிழமையில இருந்து ஒரு தாளும் வெளியில வருகுதில்லை."

"என்ன எழுதிக் காட்டுது எண்டு அப்படியே வாசியுங்கோ அக்கா."

அந்தப் பக்கம் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. அக்கா மெஷினின் திரையைப் பார்த்து வாசிக்கவில்லை, சி.ஆர். கொப்பி என்கிற தடித்த அட்டைக் கொப்பி ஒன்றைப் பார்த்து வாசித்தார். திகதி, நேரம், அனுப்பியதா வந்ததா, எத்தனை பக்கம், எந்த இலக்கம், திரையில் என்ன எழுத்து வந்தது என்று கோடு போட்டு பல மாதமாக எழுதி வைத்திருக்கிறார். நான் இந்த வேலைக்கு வந்து நெடுங்காலம். பழுதான மெஷினோடு இப்படி ஒரு கொப்பி கிடைத்தது இதுதான் முதல் தடவை. கீழே எழுதப்போவதில் பாதியைக் கண்டுபிடித்தது அந்தக் கொப்பிதான்.

இந்தக் காலத்திலும் பக்ஸா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்து அலுவலகங்களின் கடிதத் தலைப்பில் தொலைபேசிக்குக் கீழே தொலைநகல் இலக்கம் இன்னும் இருக்கிறது. கையெழுத்தும் றப்பர் முத்திரையும் வைத்த ஒரு தாள் கொழும்பிலிருந்து இரண்டு நிமிடத்தில் வந்து மேசையில் விழுந்தால், அதைக் கோப்பில் கோத்துவிட்டு அன்றைக்கே வேலையைத் தொடங்கலாம். மின்னஞ்சல் வந்துவிட்டது உண்மைதான். ஆனால் அந்த அலுவலகத்தில் அக்காவுக்கு நம்பிக்கையான வழி பக்ஸ். அவருடைய வேலை தடங்காமல் நடக்க வேண்டும், எனக்கு அது போதும்.

கொப்பியில் இருந்த வரிகள் சிலவற்றை அக்காவின் அனுமதியோடு இங்கே எழுதுகிறேன். ஆங்கிலத்தில் வந்ததை அவர் தமிழ் எழுத்திலேயே எழுதி வைத்திருந்தார். கொம் எரர் என்றால் தொடர்புப் பிழை, பேப்பர் ஜாம் என்றால் தாள் சிக்கியது, இன் மெமரி என்றால் நினைவகத்தில் நிற்பது.

"காலை 10.20. அனுப்பினது. 5 பக்கம். 3ஆம் பக்கத்தில் நின்றது. கொம் எரர்."
"பகல் 2.15. அதே 5 பக்கம், அதே இலக்கம். போனது."
"காலை 9.40. வந்தது. 2 பக்கம். நல்லது."
"வெள்ளி பின்னேரம் 3.50. பேப்பர் ஜாம். திறந்து பார்த்தேன். தாள் இல்லை."
"வெள்ளி 4.05. பேப்பர் ஜாம் அப்படியே. பக்ஸ் இன் மெமரி 3."

கடைசி வரியைக் கேட்டதும் நான் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, பிளக்கைக் கழற்றினீங்களா?" என்பது. இல்லை என்றார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பின்னேரம் இடி முழக்கம். மற்ற எல்லாப் பிளக்கும் கழற்றியிருக்கிறார்கள். பக்ஸ் மெஷினுக்கு மட்டும் போன் வயரைக் கழற்றிவிட்டு, கரண்ட் பிளக்கில் "கழற்ற வேண்டாம்" என்று துண்டு எழுதி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஏன் அது மிகச் சரியான வேலை என்று பிறகு சொல்கிறேன்.

திருப்புளிப் பெட்டி, மல்டிமீற்றர், டோர்ச், பெயின்ட் பிரஷ் இரண்டு, ஒரு பழைய பருத்திச் சாரம் கிழித்த துணி. இவ்வளவையும் எடுத்துக்கொண்டு கிளிநொச்சியில் பஸ் ஏறினேன். முறிகண்டியில் பஸ் நின்றபோது பிள்ளையாரைக் கும்பிட்டு, ஒரு பை கச்சான் (நிலக்கடலை) வாங்கிக்கொண்டேன். மாங்குளம் சந்தியில் இறங்கும்போது பத்து மணி.

மெஷின் லேசர் வகை. டோனரும் (மைத்தூள்) ட்ரம்மும் (அச்சிடும் உருளை) தனித்தனி, மேலே பத்துத் தாள் வைத்து அனுப்பும் தட்டு, பக்கத்தில் ரிசீவர். ஜன்னலோரம் ஒரு மேசையில் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே முற்றம் முழுக்கச் செம்மண். கோடையில் புழுதி, மாரியில் ஈரம் இரண்டும் அந்த ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வரும். பின்பக்கத்தில் தாள் நிமிர்ந்து வருவதற்கான சிறிய மூடி ஒன்று திறந்தபடி கிடந்தது. தடித்த தாள் அச்சிடுவதற்காக யாரோ எப்போதோ திறந்து, அப்படியே விட்டிருக்க வேண்டும்.

திரையில் பேப்பர் ஜாம். தாள்தட்டை இழுத்துப் பார்த்தேன், ட்ரம்மை வெளியே எடுத்துப் பார்த்தேன். ஒரு துண்டுகூட இல்லை. வழக்கமாக இந்த இடத்தில் எவரும் செய்வது மெஷினை நிறுத்திப் போடுவதுதான். ஆனால் உள்ளே மூன்று பக்ஸ் நினைவகத்தில் நிற்கிறது. இந்த மெஷினில் கரண்ட் போனால் அவையும் போய்விடும். ஆகவே கரண்டை விட்டுவிட்டுத்தான் வேலை பார்க்க வேண்டியிருந்தது. மூடி திறந்தால் உயர் மின்னழுத்தத்தையும் சூடாக்கும் பகுதியையும் துண்டிக்க உள்ளே ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். அதை நம்பினாலும், கையை பவர் சப்ளைப் பக்கம் கொண்டு போகவே கூடாது. மூடியைத் திறந்து வைத்துவிட்டு அக்கா தந்த தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும்வரை சூடாக்கும் உருளையை ஆற விட்டேன். அவசரப்பட்டால் விரல் பொசுங்கும் இடம் அது.

தாள் வெளியே வரும் வாயில், அந்த உருளைக்குச் சற்று மேலே, ஒரு கறுப்பு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். சுண்டுவிரல் நகத்தளவுதான். தாள் வரும்போது அதைத் தள்ளிக்கொண்டு போகும். தாள் போனதும் தலைமயிர் தடிப்பில் இருக்கிற ஸ்பிரிங் அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். நாக்கின் மறுமுனை 'ப' வடிவ சென்சர் ஒன்றுக்குள் போய்வரும். அந்த 'ப'வின் ஒரு காலிலிருந்து மறு காலுக்குக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி போய்க்கொண்டே இருக்கும். ஒளி மறைபடுகிறதா, விடுபடுகிறதா என்பது மட்டும்தான் மெஷினுக்குத் தெரியும். நாக்கு தள்ளுப்பட்ட நிலையில் நின்றுவிட்டால், தாள் ஒன்று வாயில் நிற்கிறது என்றே அது எடுத்துக்கொள்ளும். ஊரில் உள்ள தாளையெல்லாம் எடுத்துவிட்டாலும் பேப்பர் ஜாம் என்றுதான் சொல்லும்.

டோர்ச் அடித்து நாக்கை விரலால் தொட்டேன். கல் மாதிரி நின்றது. தலையைச் சரித்துப் பார்த்தால் அது சுழலும் அச்சில், புளியங்கொட்டை அளவில் செம்மண் உருண்டை ஒன்று ஒட்டியிருந்தது. குளவிக் கூடு. திறந்து கிடந்த பின்மூடி வழியாக வந்து, சூடு ஆறி அமைதியாக இருந்த நாட்களில் கட்டியிருக்கிறது. வன்னியில் சாவித் துவாரத்திலும் ரேடியோவின் பின்பக்கத்திலும் கட்டுகிற அதே குளவி.

தண்ணீர் விட்டுக் கரைக்க முடியாது. ஸ்குரூட்ரைவர் முனையால் நெம்பினால் நாக்கு உடையும், அது உடைந்தால் மாற்றுச் சாமான் தேடி வவுனியாவுக்கோ கொழும்புக்கோ போக வேண்டும். முற்றத்தில் கிடந்த விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, நுனியைச் சீவி, மண்ணைச் சிறிது சிறிதாகச் சுரண்டினேன். கீழே விழுகிற மண் உள்ளே போகாமல் துணியை விரித்து வைத்தேன். பாதி உடைந்ததும் உள்ளே ஒரு வெள்ளைப் புழு தெரிந்தது, அதைச் சுற்றி வாடிப்போன சிறு சிலந்திகள். குஞ்சுக்கு அம்மா வைத்துவிட்டுப் போன சாப்பாடு. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "பாவம், அதை வெளியில வேப்பமரத்தில வையுங்கோ" என்றார். வைத்தேன்.

மிச்ச மண்ணை பிரஷால் தட்டி எடுத்ததும் நாக்கு 'டிக்' என்று தானாக எழும்பி நின்றது. பின்மூடியை அடைத்தேன். மெஷின் ஒரு தடவை உறுமி, சூடாகி, நினைவகத்தில் நின்ற மூன்று பக்ஸையும் ஒவ்வொன்றாகத் தள்ளியது. மொத்தம் ஏழு பக்கம். அதில் ஒன்று மறுநாள் கிளிநொச்சியில் நடக்கவிருந்த கூட்டத்துக்கான அழைப்பு. அக்கா ஒவ்வொரு பக்கத்தின் மேல் விளிம்பிலும் இருக்கும் அனுப்பியவர் இலக்கத்தையும் பக்க எண்ணையும் பார்த்துச் சரிபார்த்த பிறகுதான் கோப்பில் வைத்தார்.

இப்போது அந்தத் துண்டுக் காகிதத்தின் கதை. தாள் முடிந்தாலோ சிக்கினாலோ பல மெஷின்கள் வருகிற பக்ஸை நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொள்ளும். வாங்கி முடித்ததும் அனுப்பியவரின் மெஷினுக்கு "கிடைத்தது" என்று பதில் சொல்லிவிடும். அங்கே அவர் கையில் ஓகே என்று ரிப்போட் வந்துவிடும். இங்கே மின்னலுக்குப் பயந்து யாரோ பிளக்கைப் பிடுங்கினால் நினைவகம் வெறுமையாகிவிடும். அனுப்பியவர் கிடைத்துவிட்டது என்று இருப்பார். கிடைக்க வேண்டியவருக்கு அப்படி ஒன்று வந்ததே தெரியாது. போன மாரியில் ஒரு சுற்றறிக்கை இப்படியே போய், ஒரு கொடுப்பனவு ஒரு மாதம் தள்ளிப்போனதாம். அதற்குப் பிறகுதான் அக்கா கொப்பி தொடங்கியிருக்கிறார்.

ஆகவே மின்னல் காலத்துக்கு நான் சொல்லிவிட்டு வந்தது இதுதான். அலுவலகம் மூடுமுன் திரையில் "இன் மெமரி" என்று எதுவும் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் தாள் போட்டு அச்சிட்டு எடுங்கள். அச்சிடவே முடியாத பழுது என்றால், பல மெஷின்களில் நினைவகத்தில் உள்ளதை வேறொரு பக்ஸ் இலக்கத்துக்கு அனுப்புகிற வசதி இருக்கிறது, மெனுவில் தேடுங்கள். வெறுமையான பிறகு கரண்ட் பிளக், போன் வயர் இரண்டையும் கழற்றுங்கள். போன் வயர் கழன்று கிடந்தால் இரவில் அழைப்பவருக்கு மணி மட்டும் போகும், காலையில் திரும்ப அனுப்புவார். அதில் ஒன்றும் தொலையாது. கரண்ட் போனாலும் சிறிது நேரம் மின்சாரம் தருகிற சின்ன யு.பி.எஸ். பெட்டியில் இந்த மெஷினைப் பொருத்தலாமா என்று மனேஜர் ஐயா கேட்டார். வேண்டாம் என்றேன். லேசர் மெஷினின் சூடாக்கும் பகுதி எழும்பும்போது இழுக்கிற மின்சாரத்தைக் கம்பியூட்டருக்கு வாங்கிய சின்னப் பெட்டி தாங்காது.

மின்னல் பெரும்பாலும் கரண்ட் வழியைவிட போன் கம்பி வழியாகத்தான் பக்ஸ் மெஷின்களைத் தின்றிருக்கிறது. அப்படி அடிபட்டவை என் கடையில் மூன்று கிடக்கின்றன. டயல் டோன் இல்லை என்று சொல்லும், ஆனால் அதே வயரில் சாதாரண போனைப் போட்டால் டோன் கேட்கும். திறந்தால் லைன் நுழைகிற இடத்தில் ஒரு சின்ன நீல வில்லை கருகியிருக்கும். சிலவேளை அதோடு நிற்கும், பலவேளை உள்ளே மோடமும் போயிருக்கும்.

மாரியில் இன்னொரு பேப்பர் ஜாம் உண்டு, இது உண்மையான ஜாம். ஏ4 பண்டிலைப் பிரித்து மேசையில் விட்டால் இரண்டே நாளில் தாள் ஈரத்தை உறிஞ்சி ஓரம் அலை அலையாக நெளியும். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு போகும். பிரித்த பண்டிலை அதன் உறையோடு இரும்பு அலுமாரிக்குள் வையுங்கள், தட்டில் ஒரு நாளுக்கு வேண்டிய தாளை மட்டும் போடுங்கள். தாளை இழுக்கும் றப்பர் உருளையைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தேன், துணி செங்கல் நிறமாக வந்தது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் அன்றைக்கு நன்றாகப் பிடிக்கும், ஆனால் திரும்பத் திரும்பப் போட்டால் றப்பர் காய்ந்து வெடிக்கும். தண்ணீரே நல்லது.

சரி, அடுத்தது கோடு. அக்கா அனுப்புகிற எல்லாப் பக்கத்திலும் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு விழுகிறது என்று வாங்குபவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ட்ரம் போய்விட்டது, புதிதாக வாங்க வேண்டும் என்று யாரோ விலையும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ட்ரம் மலிவான சாமான் இல்லை. அதை வாங்குமுன் ஐந்து நிமிடச் சோதனை ஒன்று இருக்கிறது. மெனுவிலிருந்து ஒரு ரிப்போட் அச்சிடுங்கள். அதில் மெஷின் எதையும் வாசிப்பதில்லை, அச்சிட மட்டுமே செய்கிறது. பிறகு ஒரு வெள்ளைத் தாளை மேல் தட்டில் வைத்து நகல் எடுங்கள். அதில் வாசிப்பதும் அச்சிடுவதும் இரண்டும் நடக்கும். ரிப்போட்டிலும் கோடு இருந்தால் ட்ரம் பக்கம். ரிப்போட் சுத்தமாக வந்து நகலில் மட்டும் கோடு வந்தால் வாசிக்கும் கண்ணாடி.

இங்கே ரிப்போட் பால் போல வெள்ளை. நகலில் கோடு. மேல் மூடியைத் தூக்கினால், விரல் அகலத்தில் ஒரு நீண்ட கண்ணாடிப் பட்டை. தாள் அதன்மேல் ஓடும், கண்ணாடி அசையாது. அதனால் கண்ணாடியில் ஒரு புள்ளி அழுக்கு இருந்தாலே அது பக்கம் முழுக்கக் கோடாக நீளும். விரல் நகத்தால் தடவிப் பார்த்தேன், ஓரிடத்தில் தட்டுப்பட்டது. டிப்பெக்ஸ், எழுத்துப் பிழையை மறைக்கப் பூசும் வெள்ளை மை. காயாத டிப்பெக்ஸோடு யாரோ ஒரு தாளை அனுப்பியிருக்கிறார். கடுகில் பாதி. நகத்தால் கிள்ளி எடுத்துத் துடைத்ததும் கோடு போய்விட்டது. வாங்க இருந்த ட்ரம்மின் காசு மிச்சம்.

அதே இடத்தில்தான் டொக்கியூமென்ட் ஜாமும். பேப்பர் ஜாம் வேறு, இது வேறு. இது நாம் அனுப்ப வைக்கிற தாள் மேல் தட்டில் சிக்குவது. அந்தத் தட்டில் தாள்களை ஒன்றொன்றாகப் பிரித்துவிடும் சிறிய றப்பர் துண்டு தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது. இப்போதைக்குச் சுத்தம் செய்தேன். ஸ்டேப்ளர் கம்பி கழற்றிய தாளின் மூலையைத் தட்டையாக்கி, தாள்களை விசிறி போல விரித்து வைத்து, ஒரு தடவைக்கு ஐந்துக்கு மேல் வேண்டாம் என்று சொன்னேன். புது றப்பருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

கவர் ஓப்பன் என்ற செய்தி கொப்பியில் இரண்டு தடவை இருந்தது. ட்ரம்மை முழுதாக உள்ளே தள்ளாமல் மூடியதால் வந்தது. மூடியின் கொழுக்கி, அது அழுத்துகிற சுவிட்ச் இரண்டும் நல்லாக இருக்கின்றன. ட்ரம் முடிகிறது என்ற எச்சரிக்கை வேறு வந்திருந்தது. அது மெஷின் பக்கங்களை எண்ணிச் சொல்வது. அச்சு தெளிவாக வருகிறவரை அதற்காகப் பணம் செலவழிக்க வேண்டாம்.

இனிக் கொம் எரர். அன்றைக்கு என் நேரத்தை அதிகம் எடுத்தது இதுதான்.

மெஷின் ஒன்றோடொன்று எப்படிக் கதைக்கிறது என்பது தெரிந்தால் இந்தச் செய்தி விளங்கும். நாம் இன்று பயன்படுத்தும் குரூப் 3 முறை 1980இல் சர்வதேச அளவில் வகுக்கப்பட்டது. அழைக்கிற மெஷின் மூன்று செக்கன் இடைவெளி விட்டு விட்டு அரைச் செக்கன் 'பீப்' கொடுக்கும், அது 1100 ஹேர்ட்ஸ். எடுக்கிற மெஷின் 2100 ஹேர்ட்ஸில் நீளமாக ஒரு கீச்சுக் கொடுக்கும். பிறகு செக்கனுக்கு 300 பிட் என்ற மிக மெதுவான வேகத்தில் இரண்டும் தங்களால் என்ன முடியும் என்று சொல்லிக்கொள்ளும். அடுத்ததாக 14400 வேகத்தில் அனுப்பிப் பார்க்கும். லைன் தாங்காவிட்டால் 12000, 9600, 7200 என்று இறங்கி, 2400 வரைகூடப் போகும். ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுக் கேட்டால் இது முழுவதும் காதுக்குத் தெரியும். 'பீப்' மட்டும் போய்க் கீச்சு வராவிட்டால் அந்தப் பக்கம் பக்ஸ் எடுக்கவில்லை, திரையில் நோ ரெஸ்பொன்ஸ் என்று வரும். கீச்சு வந்து, சரசரப்பும் வந்து, நடுவில் அறுந்தால் கொம் எரர்.

எரர் வருவதெல்லாம் அனுப்பும்போது, வருகிற பக்ஸ் நன்றாக வருகிறது. கொப்பியை மேசையில் விரித்து வைத்து, எரர் வந்த வரிகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் புள்ளி போட்டேன். இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, முக்கால்வாசி காலை 10 மணிக்கும் 12 மணிக்கும் இடையில். மற்றது, எல்லாம் இரண்டு மாதத்துக்குள்ளேதான். அந்த இரண்டு மாதத்துக்கு முன்புதான் பழைய செப்புக் கம்பி லைனை எடுத்துவிட்டு பைபர் (ஒளியிழை) லைன் கொடுத்திருக்கிறார்கள்.

காலையில் எல்லாரும் இன்டர்நெட் பாவிப்பதால் லைன் நெரிசல் என்று முதலில் நினைத்தேன். அப்படி நினைத்து ஒரு மணித்தியாலம் வீணாகப் போனது. பிறகு என் கடைக்கே ஒரு பக்ஸ் அனுப்பிச் சோதித்தேன், கடையில் ஒரு பழைய மெஷின் வைத்திருக்கிறேன், அங்கே நின்ற என் தம்பி எடுத்தான். இரண்டாம் பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது ஸ்பீக்கரில் 'டக்' என்று ஒரு சத்தம், பிறகு யாரோ மூச்சு விடுகிற சத்தம். எரர். திரும்பிப் பார்த்தால் அடுத்த அறையில் மனேஜர் ஐயா கையில் ரிசீவரை வைத்துக்கொண்டு நிற்கிறார். பைபர் பெட்டியின் போன் துவாரத்தில் இரட்டை அடப்டர் போட்டு, ஒன்று பக்ஸுக்கு, ஒன்று அவர் மேசைக்கு. அவர் காலை நேரத்தில்தான் அழைப்பெடுப்பார். அவர் ரிசீவரைத் தூக்குகிற நேரம் பக்ஸ் போய்க்கொண்டிருந்தால் அது அறுந்துவிடும்.

இரட்டை அடப்டரை எடுத்தேன். பெட்டியிலிருந்து வரும் வயரை மெஷினின் லைன் துவாரத்திலும், ஐயாவின் போனை மெஷினின் பின்னால் வெளிப் போனுக்கென்று உள்ள எக்ஸ்ட் துவாரத்திலும் கொடுத்தேன். இப்படிக் கொடுத்தால் பக்ஸ் போகும்போது மெஷினே அந்தப் போனைத் துண்டித்து வைக்கும். வயர் முனைகளின் செம்பில் பச்சைக் களிம்பு இருந்தது, வெட்டிப் புது முனை போட்டேன். அழைப்பு நடக்கும்போது இன்னொரு அழைப்பு வந்தால் 'பீப்' அடிக்கிற வசதியையும் நிறுத்தச் சொல்லிவிட்டேன், அந்தப் 'பீப்'பும் பக்ஸை வெட்டும்.

காலை எரர் நின்றது. ஆனால் ஆறு பக்கம் அனுப்பினால் நாலாம் பக்கத்தில் இன்னும் அறுந்தது. ஒரே செய்திக்குக் கீழே இரண்டாவது காரணம்.

செப்புக் கம்பியில் குரல் அப்படியே மின் அலையாகப் போகும். பைபர் பெட்டி அதை இலக்கமாக மாற்றி, சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி அனுப்பும். நாங்கள் கதைக்கும்போது ஒரு பொட்டலம் தவறினால் காது கவனிக்காது. மோடத்துக்கு அது ஒரு வரி அழிந்த மாதிரி. 2009க்குப் பிறகு ஆட்கள் திரும்பி வந்து குடியேறிய காலத்தில் கம்பியே இல்லாமல் சி.டி.எம்.ஏ. போன்கள் வந்தன, நினைவிருக்கும். அவற்றில் பக்ஸைப் பொருத்திப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன். மனிதக் குரலுக்கென்று சுருக்கி அனுப்புகிற முறையில் மோடத்தின் சத்தம் சிதைந்துவிடும் என்று அப்போது படித்தது இப்போது உதவியது. பைபரில் நிலைமை அவ்வளவு மோசமில்லை, வேகத்தைக் குறைத்தால் தாங்கும்.

மெனுவில் அனுப்பும் வேகத்தை 14400இலிருந்து 9600க்கு இறக்கினேன். சில மெஷின்களில் இதை இன்டர்நெட் போன் லைனுக்கான அடிப்படை முறை என்ற பெயரில் வைத்திருப்பார்கள். அதைத் தெரிவுசெய்தால் வேகமும் குறையும், இ.சி.எம். என்கிற பிழைதிருத்தமும் நின்றுவிடும். இங்கே நான் இரண்டையும் ஒன்றாக மாற்றவில்லை. இ.சி.எம். என்றால், ஒரு பக்கத்தைச் சின்னத் துண்டுகளாக அனுப்பி, கெட்டுப்போன துண்டுகளை மட்டும் திரும்பக் கேட்டு வாங்குவது. லைன் மோசமென்றால் கேட்டுக் கேட்டே களைத்து அறுந்துவிடும். அதை நிறுத்தினால் பக்கம் போய்ச் சேரும், ஆனால் நடுவில் ஒரு கீற்று வெள்ளையாகவோ நசுங்கியோ போகலாம். சுற்றறிக்கை என்றால் பரவாயில்லை, வாசித்து விளங்கிக்கொள்ளலாம். அக்கா அனுப்புவது கணக்கு. ஒரு கீற்றில் 3 என்பது 8 ஆகத் தெரிந்தால் யாருடைய கணக்கு பிழைக்கும்? அதனால் இ.சி.எம். இருக்கட்டும், வேகம் மட்டும் குறையட்டும் என்று முடிவு செய்தேன். பக்கத்துக்குச் சில செக்கன் கூடச் செல்லும், அவ்வளவுதான்.

தம்பிக்கு ஆறு பக்கம் அனுப்பினேன், போனது. திரும்ப அனுப்பினேன், போனது. கொழும்பில் அக்கா வழக்கமாக அனுப்பும் இலக்கத்துக்கு நாலு பக்கம் அனுப்பினோம், அதுவும் போனது. ஆறுபக்கக் கணக்கறிக்கையை வியாழக்கிழமை அனுப்ப வேண்டும் என்றார், அன்றைக்கும் எரர் வந்தால் 7200க்கு எப்படி இறக்குவது என்று கொப்பியின் பின் அட்டையில் எழுதிக் கொடுத்தேன்.

நோ ரெஸ்பொன்ஸ் என்று எழுதியிருந்த நாலு வரியும் ஒரே இலக்கம். ஸ்பீக்கரில் கேட்டால் அந்தப் பக்கம் ஒரு பிள்ளை "ஹலோ" என்றது. அலுவலகம் எப்போதோ இலக்கத்தை மாற்றிவிட்டது. வேகப் பட்டனில் பதிந்திருந்ததை அழித்தோம்.

பின்னேரம் நாலு மணிக்கு வானம் கறுத்தது. அக்கா திரையைப் பார்த்தார், நினைவகத்தில் ஒன்றுமில்லை. இரண்டு வயரையும் கழற்றி மேசையில் சுற்றி வைத்தார். ஜன்னலைச் சாத்தி, மெஷினுக்கு மேல் ஒரு சேலைத் துண்டைப் போட்டு மூடினார்.

வியாழன் பத்தரைக்குப் போன் வந்தது. ஆறு பக்கமும் முதல் தடவையிலேயே போய்விட்டதாம், மனேஜர் ஐயா அந்த நேரம் போனில் கை வைத்தும் ஒன்றும் ஆகவில்லையாம். ரிப்போட்டைக் கொப்பியில் ஒட்டிவிட்டேன் என்றார். மேல் தட்டு றப்பர் வந்ததும் இன்னொரு தடவை போக வேண்டும். வரும்போது முறிகண்டிக் கச்சான் இரண்டு பை வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்.